ஐந்து பாடங்களும் ஒரு விண்ணப்பமும்

"ஆயாம்மா, நீங்க எப்ப ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டு போவீங்க?"

கேட்டவன் ரித்விக். லிங்கராஜபுரத்து நர்சரிப் பள்ளி ஒன்றில் யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு அன்று கடைசி நாள். தலையில் கறுப்பு அட்டைத் தொப்பியும் கையில் ரிப்பன் கட்டிய காகிதச் சுருளுமாக எல்லோரும் பட்டதாரிகளாகி உட்கார்ந்திருந்தார்கள். ஜூனில் அவர்கள் மேல்மாடிக்குப் போய்விடுவார்கள். ரித்விக்கின் அக்கா இந்த வகுப்பில் இருந்தபோதும் ஆயாம்மா இங்கேதான் இருந்தாள். அண்ணன் இருந்தபோதும் இங்கேதான். ஒரே வகுப்பில் இத்தனை வருஷம் தேங்கிப்போன ஒருத்தியைப் பற்றி ஒரு நல்ல பிள்ளை கவலைப்படாமல் என்ன செய்யும்?

பெர்னதெத் அவன் மூக்கைத் துடைத்துவிட்டு, "நீ போ ராஜா, நான் பின்னாடியே வர்றேன்" என்றாள்.

பதினான்கு வருஷமாக அவள் அந்த வகுப்பின் உதவியாளர். எந்தப் பிள்ளை தண்ணீருக்கு அழுகிறது, எந்தப் பிள்ளை அம்மாவுக்கு அழுகிறது என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். கடவுள் சிலருக்குப் பாட்டுக் குரலைக் கொடுக்கிறார், சிலருக்கு மனைக்கட்டைக் கொடுக்கிறார். பெர்னதெத்துக்கு இந்த ஞானத்தைக் கொடுத்திருந்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் கொடுக்க மறந்துவிட்டார்.

அந்த மறதி அடுத்த வாரம் வெளிச்சத்துக்கு வந்தது. பள்ளியைப் புதிதாக ஏற்றுக்கொண்ட நிர்வாகத்திலிருந்து ஓர் இளைஞர் மடிக்கணினியோடு வந்தார். வகுப்புக்குள் பிள்ளைகளோடு இருக்கிறவர்கள் எல்லோரும் பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்ற விதியை மிகவும் பணிவாக வாசித்தார். அடுத்த வருஷம் ஜூன் முடிய அவகாசம். அதற்குள் சான்றிதழ் வராவிட்டாலும் வேலை போகாது, சம்பளம் குறையாது. வராந்தா, மாடிப்படி, கழிப்பறை என்று மாற்றிவிடுவார்கள். வகுப்புக்குள் மட்டும் கால் வைக்கக் கூடாது.

"உங்களுக்கு இதுல நஷ்டம் ஒண்ணும் இல்லை மேடம்" என்றார் இளைஞர்.

பெர்னதெத்துக்கும் அவள் கணவன் ஆம்ப்ரோசுக்கும் பிள்ளைகள் இல்லை என்பது அவருடைய மடிக்கணினியில் ஏறாத தகவல்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதியச் சாப்பாட்டில் குடும்ப ஆலோசனை நடந்தது. குடும்பம் என்றால் பெர்னதெத், ஃப்ரேசர் டவுன் பேக்கரி ஒன்றில் அடுப்படியில் நிற்கும் ஆம்ப்ரோஸ், அழைக்காமலே வந்துவிடும் கொழுந்தன் சிரில். சிரில் ஓர் அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியன். ஆகவே அரசாங்கத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. ஹெப்பகோடியில் ஒருவருக்கு ஒருவரைத் தெரியும் என்றும், அவரிடம் போட்டோ கொடுத்தால் பத்தே நாளில், பரீட்சை என்ற தொல்லையே இல்லாமல், முத்திரையோடு சான்றிதழ் வந்துவிடும் என்றும் சொன்னான்.

ஆம்ப்ரோஸ் கையிலிருந்த எலும்பைத் தட்டில் வைத்தான். "அவ பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு பாட்டு சொல்லிக் குடுக்கறாடா" என்றான்.

சிரில் கொஞ்சமும் அசரவில்லை. கையோடு அடுத்த வழியை எடுத்துவிட்டான். "அப்ப ஓபன் ஸ்கூல்தான் அண்ணி. அல்சூர்ல சென்டர் இருக்கு. பழைய மார்க்ஸ் கார்டு எடுத்துட்டுப் போங்க. பாஸ் பண்ண சப்ஜெக்ட்டை அப்படியே சேத்துக்குவாங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணி மீதி எழுதிட்டா ஆச்சு."

மதிப்பெண் பட்டியல் பீரோவில் கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. தமிழ் அறுபத்தொன்று. சமூக அறிவியல் நாற்பத்தெட்டு. கணக்கு ஒன்பது. அந்த ஒன்பதிலும் இரண்டு, கையெழுத்து அழகாக இருந்ததற்காகப் போட்டது என்பது அவள் அந்தரங்கமான நம்பிக்கை.

அல்சூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது படிப்பு மையம். அதை நடத்திய சுப்ரமணியன் சார் அறுபதைத் தாண்டியவர். மாடிப்படி ஏறி வருகிறவர்களைவிட, தானே அதிகம் மூச்சு வாங்குகிறவர். சுவரில் ஒரு பிள்ளையார் படம், அதற்குக் கீழே விண்ணப்பப் படிவங்கள். அவர் அந்தப் பட்டியலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இருபத்தாறு வருஷம் ஆச்சேம்மா. மார்க்குக்கும் ஒரு காலக்கெடு இருக்கு. சமீபத்துல பாஸ் பண்ணியிருந்தா ரெண்டு பாடத்தைச் சேத்துக்கலாம். இது செல்லாது."

வாழ்க்கையில் தான் வாங்கிய ஒரே அறுபத்தொன்று போய்விட்டதே என்று பெர்னதெத் பட்டியலைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டாள். "அப்ப கணக்கும் மறுபடி எழுதணுமா சார்?"

"எதுக்கு? கணக்கு உங்களுக்குப் பிடிக்குமா?"

"ஐயோ."

"அப்ப எடுக்காதீங்க. அஞ்சு பாடம் வேணும். அதுல ஒண்ணு மொழிப்பாடமா இருக்கணும். மீதி உங்க இஷ்டம்."

பெர்னதெத் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கணக்கு இல்லாம டென்த் உண்டா சார்?"

"உண்டும்மா."

"கவர்மென்டுக்குத் தெரியுமா?"

"அவங்கதாம்மா சொன்னாங்க."

இருபத்தாறு வருஷமாகக் கணக்கு என்ற பூட்டைப் பார்த்துப் பார்த்தே வாசலில் நின்றுவிட்டவளுக்கு, பக்கத்திலேயே இன்னொரு கதவு சும்மா சாத்தியிருந்தது என்றால் எப்படி இருக்கும்? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சுப்ரமணியன் சார் பட்டியலைக் காட்ட, தமிழ், மனையியல், உளவியல், ஓவியம், இந்தியப் பண்பாடு என்று ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து வருஷம் வரைக்கும் ஒவ்வொன்றாக எழுதலாம் என்று அவர் சொன்னார். தனக்கு ஒரே வருஷம்தான் இருக்கிறது என்று இவள் சொன்னாள்.

"அப்ப ஒண்ணு கேட்டுக்கங்க. பாடத்துக்கு இருபது மார்க் அசைன்மென்ட்டுக்கு. வீட்டுல உக்காந்து எழுதி ஜனவரியில குடுக்கணும். நம்ம வயசுக்காரங்களுக்குப் பரீட்சை ஹால்ல கை நடுங்கும். வீட்டுல எழுதற இருபது நடுங்காது. அதை மட்டும் கோட்டை விட்டுடாதீங்க."

அன்று இரவே கால அட்டவணை தயாரானது. பெர்னதெத் எந்தக் காரியத்தையும் தனியாகத் தொடங்கியதில்லை. யாராவது ஒரு புனிதரின் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் தொடங்குவாள். செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு. அவர் காணாமல் போனவற்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். படித்ததெல்லாம் காணாமல் போய்விடுகிற இந்தியப் பண்பாடு அவருக்கு. புதன் சகாய மாதாவுக்கு, நாசரேத்தில் குடித்தனம் நடத்தியவர் என்பதால் மனையியல். வியாழன் குழந்தை இயேசுவுக்கு உளவியல். வெள்ளி திரு இருதயத்துக்கு ஓவியம். சனி வேளாங்கண்ணி மாதாவுக்குத் தமிழ். அவருக்குத் தமிழ் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. திங்கட்கிழமைக்கு ஆள் கிடைக்கவில்லை. அன்று துணி துவைத்தாள்.

புனிதர்கள் தங்கள் பங்கைச் செய்தார்கள். ஓவியம் எளிதாக வந்தது, பதினான்கு வருஷம் கரும்பலகையில் யானை வரைந்த கை. உளவியலும் வந்தது, பாதி புத்தகத்திலிருந்து, பாதி வகுப்பிலிருந்து. 'குழந்தைகளின் கோபத்தைக் கையாளும் முறைகளை விளக்குக' என்ற கேள்விக்கு, 'கடிக்கிற பிள்ளைக்கு முதலில் ஒரு பிஸ்கட் கொடுத்துப் பார்க்க வேண்டும். பசி இல்லை என்று உறுதியான பிறகே உளவியல்' என்று எழுதினாள். இந்தியப் பண்பாடுதான் படியவில்லை. ஆம்ப்ரோஸ் அவளுக்காக மௌரியர், குப்தர், ஹர்ஷர் என்று சொல்லிக்கொண்டே பன் தட்டுகளை அடுக்கப் பழகினான். கடைசியில் அவனுக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. பேக்கரியில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும்கூட ஆகிவிட்டது. அவளுக்கு மட்டும் ஹர்ஷர் வந்தால் குப்தர் போய்விடுவார்.

இதற்கிடையில்தான் சிரில் ஒரு செய்தி கொண்டுவந்தான். கோவில் அலுவலகத்தில் வேலை பார்க்கும் டீனா, அந்த யு.கே.ஜி. உதவியாளர் இடத்துக்கு மனுப் போட்டிருக்கிறாளாம். பெர்னதெத் தேறாவிட்டால் ஜூலையிலிருந்து டீனா. இருபத்திரண்டு வயது, பி.யூ.சி. முடித்தவள், ஆங்கிலம் தண்ணீராக வரும். அதோடு நல்ல பெண். அதுதான் பெரிய தொல்லை. கெட்ட பெண்ணாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

பெர்னதெத் அந்தோனியாருக்கு ஒன்பது செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபம் தொடங்கினாள். அவர்கள் கோவிலில் அந்தோனியார் சுரூபத்துக்குக் கீழே ஒரு விண்ணப்பப் பெட்டி உண்டு. வேண்டுதலை எழுதிப் போட்டால், சாயங்கால நவநாளில் ஃபாதர் அதை வாசித்து எல்லோரையும் ஜெபிக்கச் சொல்வார். மற்றவர்கள் துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதுவார்கள். ஒன்பதாம் செவ்வாய்க்கு பெர்னதெத் எழுதியது நான்கு பக்கம். புனிதர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், விவரமாகச் சொல்லாவிட்டால் குழம்பிப்போவார்கள் என்பது அவள் கருத்து.

அந்த ஒன்பதாம் செவ்வாயும் அசைன்மென்ட் கொடுக்கக் கடைசி நாளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஆம்ப்ரோஸ் ஒரே கடையில் ஒரே மாதிரிப் பழுப்பு உறைகளை வாங்கி வந்திருந்தான். ஒன்றில் ஐந்து பாடத்து அசைன்மென்ட். இன்னொன்றில் அந்தோனியாருக்கு நான்கு பக்கமும், நேர்த்திக்கடனாக அவரைத் தானே வரைந்த தடித்த அட்டைப் படம் ஒன்றும். பள்ளி விட்டதும் அவள் கோவிலுக்கு ஓடி, ஓர் உறையைப் பெட்டியின் வாயில் திணித்தாள். உள்ளே போக மறுத்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்காலை அண்டக் கொடுத்து, ஓர் அருள்நிறை மரியே ஜெபம் சொல்லித் தள்ளியதில் போய்விட்டது. பிறகு பஸ் பிடித்து அல்சூர். சுப்ரமணியன் சார் தொலைபேசியில் இருந்தார், தட்டைக் காட்டினார். மற்ற உறையை அதில் வைத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள். உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது.

சாயங்காலம் நவநாளில் ஃபாதர் விண்ணப்பங்களை வாசித்தார். ஒருவருக்கு விசா. ஒருவருக்குக் கால்வலி. ஒருவருக்கு வீட்டுக்காரர் மனம் இளக வேண்டும். பெர்னதெத் தன்னுடையதற்காகக் காத்திருந்தாள். கடைசியில் நற்கருணை ஆசீரும் முடிந்துவிட்டது, அது வரவில்லை.

அவளுக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. மூன்றாம் பக்கத்தில், 'டீனாவுக்கு வெளிநாட்டில் ஒரு நல்ல வேலை கிடைக்கச் செய்யும். துபாய் ஆனாலும் சரி, ஜூனுக்கு முன்னால் ஆனால் நல்லது' என்று எழுதியிருந்தாள். அந்தோனியார் அதைப் படித்து முகம் சுளித்திருக்கிறார். அந்த டீனாவோ அன்று பாதி ஜெபத்தில் வியர்க்க விறுவிறுக்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கோவில் அலுவலகத்தில் இருக்கிற பெண் நேரத்துக்கு வரவேண்டாமா என்று பெர்னதெத் மனதுக்குள் ஒரு மார்க் குறைத்தாள். குறைத்த பிறகு அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள். வீட்டில் அன்று குழம்பைத் தொடாமல் வெறும் ரசத்தோடு எழுந்துவிட்டாள்.

ஏப்ரலில் பரீட்சை வந்தது. முதல் நாள் வாசலில் நின்ற கண்காணிப்பாளர், "பேரன்ட்ஸ் எல்லாம் ஹொரகடே" என்று கன்னடத்தில் அவளை வெளியே போகச் சொன்னார். அனுமதிச் சீட்டை நீட்டியதும் அவரே கூட வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் மாற்றிக் கொடுத்தார். பக்கத்தில் கிரிக்கெட் ஆடுவதற்காகப் பள்ளியை விட்ட பையன், முன்னால் ஒரு கால்டாக்ஸி ஓட்டுநர். இந்தியப் பண்பாட்டு அன்று குப்தர்கள் வரவே இல்லை. தனக்குத் தெரிந்த அரசர்களைக் கொண்டு அவள் சமாளித்தாள்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் சிரில் தன் கைபேசியில் முடிவைப் பார்த்து, தானே எழுதித் தேறியவனைப் போலத் தெருவுக்கெல்லாம் சொன்னான். ஐந்திலும் தேர்ச்சி. ஆம்ப்ரோஸ் அடுப்பிலிருந்து இறக்கிய பிளம் கேக்கைப் பொட்டலம் கட்டிக்கொடுத்தான். அதை எடுத்துக்கொண்டு அவள் சான்றிதழ் வாங்க அல்சூருக்குப் போனாள்.

சுப்ரமணியன் சார் சான்றிதழைக் கொடுத்தார், கேக்கை மோந்து பார்த்தார், பிறகு எழுந்து போய்ப் பிள்ளையார் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார்.

"இது உங்களோடதும்மா. சாமிக்கு எழுதின கடுதாசி. குப்பையில போட மனசு வரல. அதான் எங்காளுகிட்ட வச்சிருந்தேன்."

பெர்னதெத்துக்குத் தன் கையெழுத்தைப் பார்த்ததும் காது சூடாகியது. எதை எங்கே போட்டோம் என்பது மெல்ல விளங்கியது. அந்தோனியாருடைய பெட்டியில் சமச்சீர் உணவும் குப்தர்களும். அல்சூரில் அந்தோனியாருக்குப் போக வேண்டிய ரகசியம்.

"முதல்ல இதைத் தமிழ்ப் பாடத்துக் கடிதப் பயிற்சின்னுதான் நெனச்சேன். விலாசம் எழுதலை, ரெண்டு மார்க் கொறைக்கலாம்னு பேனாவை எடுத்தேன். ரெண்டாம் பக்கத்துல 'சுப்ரமணியன் சாரோட முட்டிவலி தீரணும்'னு என் பேரே வந்துச்சு. அப்பதான் மூடி வச்சேன். முட்டி இப்ப தேவலைம்மா."

"அப்ப அசைன்மென்ட்டு? அது எப்படி சார் வந்துச்சு?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சு. ஆனா உங்களுக்குத் தெரியாம இருக்கறது நல்லாயில்லை. அன்னிக்கு அஞ்சு மணிக்கு மூடணும். நாலே முக்காலுக்கு ஒரு பொண்ணு ஓடி வந்துச்சு. கோவில் பெட்டியைத் தொறந்தேன், இது இருந்துச்சு, உள்ள மொதத் தாள்ல சென்டர் பேரு இருந்துச்சுன்னு குடுத்துச்சு. நான் கூப்பிட்டுச் சொல்லட்டுமான்னு கேட்டா, 'வேணாம் சார், அக்கா கூச்சப்படுவாங்க'ன்னுச்சு. பேர் கேட்டேன். டீனா." அவர் உறையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "துபாய் டீனாவான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்."

இந்தியப் பண்பாட்டில் அவளுக்கு முப்பத்தாறு. அதில் பதினான்கு அசைன்மென்ட்டுக்கு. தேற முப்பத்து மூன்று வேண்டும். கணக்கே எடுக்காத பெர்னதெத் மாடிப்படி இறங்குவதற்குள் அந்தக் கழித்தலைச் சரியாகப் போட்டுவிட்டாள். உறை போய்ச் சேராமல் இருந்திருந்தால் அந்த இடம் டீனாவுக்கு. லிங்கராஜபுரத்தில் அது எல்லோருக்கும் தெரியும், டீனாவுக்கும் தெரியும். தெரிந்தேதான் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முற்றத்தில் டீனாவே வந்து, "கங்கிராட்ஸ் அக்கா" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை, சந்தோஷத்தைத் தவிர. பெர்னதெத்துக்குச் சொல்ல வேண்டியது நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் சொன்னால், அந்தப் பெண் மறைத்துச் செய்ததை இவள் அவிழ்த்துப் போட்டதாகிவிடும். நன்மை செய்தவர் அதை மூடி வைத்திருந்தால், அதைத் திறந்து பார்த்து நன்றி சொல்வதும் ஒருவகை அவசரம்தான். அவள் மழை வரும்போல இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். தன் கையில் பட்ட அந்த விரல்கள் சொரசொரத்து, நக இடுக்கெல்லாம் கழுவியும் போகாத மெழுகு வெள்ளையாக அப்பியிருந்ததை மட்டும் கவனித்தாள்.

அந்த மெழுகைப் பற்றி ஆம்ப்ரோசிடம் கேட்டாள், எதற்கு என்று சொல்லாமல். செவ்வாய் நவநாளுக்கு ஏற்றுகிற நூற்றுக்கணக்கான மெழுகுவர்த்திகள் வடிந்து தட்டுகளில் உறைந்துவிடும். அதைப் புதன்கிழமை ஒன்பது மணிக்குமேல் சுரண்டி எடுப்பதும் அலுவலகப் பெண்ணின் வேலைதான், முழுதாக ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் என்று அவன் சொன்னான்.

புதன்கிழமை காலைப் பூசை ஆறரைக்கு முடிந்தது. ஜெபமாலைக்காரர்களும், கோவிலைத் திறந்து பூட்டுகிற கோவில்பிள்ளையும் போகும்வரை பெர்னதெத் தூணுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். பிறகு பையிலிருந்து ஃபிளாஸ்கையும் ஆம்ப்ரோஸ் மாவு சுரண்டுகிற தகட்டையும் எடுத்தாள். வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மெழுகு ஓரங்களில் இளகி, பெயர்ந்து, தோசை போலச் சுருண்டு வந்தது. விரல் சுட்டது. திரிகளைத் தனியாகப் பொறுக்கி, மெழுகைத் தகர டப்பாவில் அழுத்தி, தட்டுகளைத் துணியால் துடைத்து, கடைசியாகத் தரையில் சொட்டியிருந்ததையும் உட்கார்ந்து எடுத்தாள்.

எட்டேகாலுக்கு வாசலில் யாரோ பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டது. பெர்னதெத் ஃபிளாஸ்கைப் பையில் போட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கதவு வழியாக வெளியேறிப் பள்ளிக்கு நடந்தாள்.